சாவு வீட்டுச் சீட்டுக்கட்டு

வித்தை காட்டுவதற்குச் சீட்டுக்கட்டு வாங்கப் போகிறவன் முதலில் கட்டை மோந்து பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். பசை வாடை அடித்தால் அது வெறும் காகிதச் சீட்டு, மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். ஒரு வாடையும் இல்லையென்றால் பிளாஸ்டிக். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் விரலுக்குள் நிற்காமல் மீன்குஞ்சாக நழுவும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, மெல்லிய பூச்சுப் போட்ட அட்டைச் சீட்டு. புதிதில் அதுவும் வழுக்கும். நாலு பேர் கை பட்டால் படிந்துவிடும். அப்புறம் முதுகைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெள்ளைக் கரை விட்டிருந்தால், நடுவில் ஒரு சீட்டை மல்லாத்திச் சொருகினாலும் ஓரத்தில் தெரியாது.

இதெல்லாம் என் சிநேகிதன் கண்டுபிடித்தது. நானும் அவனும் ஒன்பதாம் வகுப்போடு ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர்கள். எங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுக்கும் காகிதத்தை எல்லாம் நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து இந்த அளவுக்கு வந்துவிட்டேன். அவன் பஸ் போர்டைத் தவிர எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கணபதி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு பேருக்கும் வேலை. மோட்டார் பம்புக்கு வேண்டிய தகடுகளை அவன் பவர் பிரஸ்ஸில் வெட்டுவான். வெட்டிய தகட்டின் பிசிறை நான் அரம் போட்டு எடுப்பேன். மத்தியானம் டிபன் போசியைக் கழுவி வைத்ததும் அவன் கட்டை எடுப்பான். கிரீஸ் ஏறிய கறுப்பு நகம், ஆனால் விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி நீளம். அந்த விரல்களுக்குள் சீட்டு போவதும் வருவதும் தெரியாது. நாங்கள் நினைத்த சீட்டை எங்கள் சட்டைப் பையிலிருந்தே எடுப்பான். "உன்ற கையிக்குப் பிரஸ் ஓட்டற வேலை தப்புடா, பஸ் ஸ்டேண்டுல நின்னீன்னா பர்சு பர்சா எடுக்கலாம்" என்று நான் சொல்வேன்.

சூலூர் பக்கத்தில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். நிச்சயம் அன்றைக்குப் பெரியவர்கள் நல்ல நேரம் வருவதற்காகப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, நான்தான் அவனைக் கிள்ளிவிட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து கட்டை எடுத்தான். பெண்ணை ஒரு சீட்டு எடுக்கச் சொன்னான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தாள். அவள் எடுத்ததைக் காட்டாமலே அது என்ன சீட்டு என்று அவன் சொன்னான். அவள் சிரித்ததைப் பார்த்து அந்தக் கூடமே சிரித்தது. பெண்ணின் தாய்மாமன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு நல்ல கை அமைஞ்சிருக்குதுங்க."

தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. ஐப்பசியில் ஒரு மழை நாளில் பிரஸ் இறங்கியது. நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். சத்தம் எப்போதும் கேட்கிற சத்தம்தான். அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதிக்கு மேல் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். "மோதர வெரலு இருக்குதல்லடா. மாமனாரு மோதரம் போட அது போதும். மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்" என்றேன். அவன் சிரித்தான். சிரித்து முடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் அந்திவரைக்கும் திரும்பவில்லை.

பெண் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போனார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. பத்திரிகை அடிக்கும் பேச்சும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார்த்திகை பாதியில் தாய்மாமன் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் நிலைக்கும் என்றால் வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். மனதில் சந்தேகம் இருந்தால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. அவன் அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு, சாவி எங்கே என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவீங்க கை நனைச்சுட்டாங்கன்னா போதுஞ் சாமி. மத்ததை நான் பாத்துக்குவேன்."

அவன் அவளையே கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தான். சீட்டு எடுக்கும்போது அம்மாவைப் பார்த்துவிட்டு எடுத்தாளே, அதைச் சொல்லிச் சொல்லி என் காதைப் புண்ணாக்கியிருந்தான். வருகிறவர்கள் தன் கையைத்தான் பார்க்க வருகிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காரியம் கெட்டுப்போகும். நிச்சயத்தில் காட்டிய அதே வித்தையை அதே ஆட்களுக்கு முன்னால் இந்தக் கையால் காட்ட வேண்டும், காட்டிவிட்டால் கை சரியாகிவிட்டது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இது அவன் கணக்கு. நானும் தலையாட்டினேன்.

பழைய கட்டை எடுத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்துக் கலைக்கும்போது கட்டின் வயிறு பிதுங்கிச் சீட்டெல்லாம் தரையில் கொட்டியது. இனி இந்தக் கைக்குத் தகுந்த சீட்டு வேண்டும் என்று கிளம்பினோம்.

பெரிய கடை வீதியில் விளையாட்டுச் சாமான் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். நாங்கள் அங்கேதான் வாங்குவோம். அவன் கையைப் பாக்கெட்டில் விட்டபடி நின்றான். நான் கேட்கக் கேட்க பாய் எடுத்துப் போட்டார். காகிதக் கட்டை எடுத்தவுடனே ஓரம் பிளந்தது. பிளாஸ்டிக் கட்டை இடக்கையில் வாங்கி வலக்கைக்கு மாற்றினான், பாதி கடைவாசல் வரைக்கும் பறந்தது. சின்ன அளவில் ஒரு கட்டு இருந்தது. அது கைக்குள் அடங்கியது. ஆனால் விரித்தால், எதிரில் இருக்கிறவனுக்கு எண் தெரியாது. குழந்தைகள் விளையாடுகிற கட்டு அது. பூச்சுப் போட்ட அட்டைதான் மிச்சம். நல்ல சீட்டு, நல்ல கரை, ஆனால் புதிது. வழுக்கியது.

பாய் கீழே குனிந்து பொறுக்கிக்கொண்டே, யாருக்கு, எதற்கு என்று கேட்டார். சும்மா இருக்க முடியாமல் நான், "மாப்பிள்ளைக்குங்க பாய், மாமனாரு ஊட்டுல சீட்டாடித்தான் பொண்ணையே கெலிக்கோணுமாம்" என்றேன். பாய் அவன் கையை அப்போதுதான் பார்த்தார். சிரிக்கவில்லை. பொறுக்கிய சீட்டுகளை நேராக்கி வைத்தார்.

"புதுக்கட்டு உனக்கு ஆவாது தம்பி. பத்துப் பேரு புழங்கின கட்டா பாரு. நம்மகிட்ட அது இல்லை."

புழங்கின கட்டுக்கு எங்கே போவது. ரேஸ்கோர்ஸ் பக்கம் கிளப்புகளில் ஒருமுறை ஆடிய கட்டைக் கழித்துப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். வாசல்காரன் என் செருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினான். நானே புதுக்கட்டு ஒன்றை வாங்கி, பட்டறையில் எல்லோர் கையிலும் கொடுத்துப் புழங்கச் சொன்னேன். அதில் கிரீஸ் ஏறி, சீட்டும் சீட்டும் ஒட்டிக்கொண்டு வெல்லக் கட்டியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பட்டறையில் வேலை செய்கிற ஒருவருடைய அப்பா செத்துப்போனார். சிங்காநல்லூரில் வீடு. நான் காலையில் போனேன். பிணத்தை எடுக்கும்வரை ஆம்பளைகள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சாமியானாவுக்குக் கீழே சீட்டுப் போடுவது வழக்கம். சாவு வீட்டுக்குப் பால், பன்னீர், சந்தனம் வாங்கி வரும்போதே சீட்டுக்கட்டும் வாங்கிவிடுவார்கள். ஆடியவர்களில் பாதிப்பேர் விடிவதற்குள் போயிருந்தார்கள். பிணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு ஜமுக்காளத்தின் மேல் கட்டுகள் அப்படியே கிடந்தன. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வாடிய மாலையோடு சேர்த்துக் கூட்டிப் போட்டுவிடுவார்கள்.

நான் ஒரு கட்டை எடுத்துப் பார்த்தேன். பூச்சுப் போட்ட அட்டை. எத்தனையோ கை மாறி, ஒரு சீட்டுக்கூட மடங்காமல், பழைய வேட்டி மாதிரி மெத்தென்று படிந்திருந்தது. இவ்வளவு நாள் நாங்கள் தேடியது இதைத்தான். ஊதுபத்தி வாடை அடித்தது. சீட்டுக்குச் சாவும் தெரியாது கல்யாணமும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன்.

அவன் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கட்டைக் கொடுத்தேன். ஒருமுறை கலைத்தான். கொட்டவில்லை. இன்னொருக்கா கலைத்தான். விசிறி மாதிரி விரித்தான். கோணலாக இருந்தது, ஆனால் விரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

"ஏதுடா இது?"

சொன்னேன். அவன் கலைப்பதை நிறுத்தினான். கட்டைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தான்.

"எங்கம்மாகிட்டச் சொல்லிப் போடாத."

அவனுக்கு இன்னொன்றும் அகப்பட்டது. கட்டின் ஓரத்தைப் பெருவிரலால் மேலிருந்து கீழே நெருடினால், எல்லாச் சீட்டும் சரசரவென்று ஓடி, ஓர் இடத்தில் மட்டும் 'டிக்' என்று தட்டியது. அதை எடுத்துப் பார்த்தோம். வேறு கட்டின் ஜோக்கர். பிளாஸ்டிக், மற்றதைவிடத் தடிமன். முதுகு அதே சிவப்புதான், பூ மட்டும் கொஞ்சம் பெரிது. அந்தக் கட்டில் ஒரு சீட்டு தொலைந்துபோய், ஆடியவர்களில் யாரோ ஜோக்கரின் முகத்தில் பேனாவால் 'ஆட்டின் 9' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். இதயம் போட்ட சிவப்புச் சீட்டைத்தான் நாங்கள் ஆட்டின் என்போம். சீட்டு தொலைந்தால் எல்லா ஊரிலும் செய்கிற ஏற்பாடுதான் இது.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அவன் கொடுக்க மறுத்துவிட்டான். விரல் போன கைக்கு அந்தத் தடித்த சீட்டுதான் கண். வந்தவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கும்போது, அதன்மேல் இந்தத் தடித்த சீட்டு வந்து உட்காருகிற மாதிரி வெட்டி வைத்துவிட்டால் போதும். பிறகு எத்தனை வெட்டு வெட்டினாலும், நெருடிப் பார்த்து டிக் என்ற இடத்துக்கு அடுத்ததை எடுத்துக் காட்டிவிடலாம். நல்ல விரல் இருந்தபோது அவனுக்கு இந்தக் குறுக்கு வழி தேவைப்படவில்லை.

பட்டறை முடிந்ததும் தினமும் அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பழகினோம். நான் பெண்ணின் அப்பாவாக நடிப்பேன், தாய்மாமனாக நடிப்பேன், சில சமயம் முந்தானையைத் தலையில் போட்டதாகப் பாவனை செய்து மாமியாராகவும் நடிப்பேன். அவன் ஆறாத விரல் முனையைக் கட்டில் உரசிக்கொண்டு பல்லைக் கடிப்பான். நிறுத்தலாம் என்றால் நிறுத்த மாட்டான். அவன் அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் அம்மா இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தார். கழுவிய வாழையிலைகள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றன. எத்தனை இலை வேண்டுமோ அதற்கு மேலேயே கழுவி வைத்திருந்தார். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அவன் வாசலுக்குப் போய் அழைத்துவந்தான். அம்மா கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பை முந்திக்கொண்டு தானே வாங்கிப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினான். அவர் வாங்கினார், குடிக்காமல் தாய்மாமனிடம் கொடுத்தார். தாய்மாமன் குடித்தார். நான் இதையெல்லாம் பார்த்தேன், ஆனால் என் நினைப்பு முழுக்க அவன் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்த கட்டின் மேல்தான் இருந்தது.

மழை பெய்ததையும் பருத்தி விலையையும் பேசினார்கள். பெண்ணின் அப்பா அவன் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். பேச்சு நின்ற ஓர் இடத்தில் நான் தொண்டையைச் செருமினேன். அதுதான் நாங்கள் பேசி வைத்த அடையாளம். அவன் கட்டை எடுத்து ஜமுக்காளத்தில் வைத்தான். பெண்ணின் அம்மா தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். நிச்சயம் அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் நன்றாகக் கலைத்தான். எங்கள் துவைக்கிற கல்லில்கூட அவ்வளவு நன்றாகக் கலைத்ததில்லை. கட்டை விரித்துத் தாய்மாமனிடம் நீட்டினான்.

"மாமா, ஒரு சீட்டு எடுங்க."

விரித்த கட்டு நடுவில் ஓர் இடத்தில் லேசாகப் பிரிந்து நின்றது. தடித்த சீட்டு இருக்கிற இடத்தில் மெல்லிய சீட்டுகள் அப்படித்தான் விலகி நிற்கும். இவ்வளவு நாள் பழகியும் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஏனென்றால் சீட்டு எடுத்தவன் நான். நான் எப்போதும் வேண்டுமென்றே ஓரத்திலிருந்துதான் எடுப்பேன். தாய்மாமனின் விரல் நேராக அந்தப் பிளவுக்குப் போனது. எடுத்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேனா எழுத்து தெரிந்தது. இரண்டு கோடு தெரிந்தது. அவர் அதைச் சாதாரணமாகப் பார்க்கிற நேரத்தைவிட அதிகநேரம் பார்த்தார். பிறகு சீட்டை நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மனசுல வெச்சுக்கிட்டு உள்ள சொருகுங்க மாமா என்று இவன் சொல்லவேண்டிய இடம். சொன்னான். அவர் சொருகவில்லை. இவன் பெருவிரலால் ஓரத்தை நெருடினான். சரசரவென்று ஓடி முடிந்தது. இன்னொருக்கா நெருடினான். எங்கும் தட்டவில்லை. அப்புறம் அவன் கை நின்றது. கட்டில் இல்லாத சீட்டு எதுவோ அதுதான் அவர் கையில் இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஆட்டின் ஒம்பதுங்க மாமா."

தாய்மாமன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அதேதானுங்க மாப்பிள்ளை."

பெண்ணின் அம்மா கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். சமையலறையிலிருந்து அவன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது, கூடவே இலையை உதறுகிற சத்தமும். அவன் செய்ததிலேயே அதுதான் பெரிய வித்தை. அவ்வளவு பேர் முன்னால், இல்லாத ஒன்றைத் தடவிப் பார்த்துச் சொன்னான். தாய்மாமன் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இலை போடட்டுங்களா என்று அவன் அம்மா வந்து நின்றார். பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தியில் ராகு காலம் வந்துவிடும், சூலூர் போய்ச் சேர வேண்டும், வீட்டில் ஆடுமாடு இருக்கிறது என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார்.

"சாப்பாட்டுக்கு என்னங்க அம்மணி. இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிட்டுக்கறமுங்க."

அவன் அம்மா இலையைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். எழுந்தார்கள், கும்பிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டுகிற இடத்தில் தாய்மாமன் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, இந்தக் கட்டு சிங்காநல்லூர்ல இருந்தா வந்துச்சு?"

நான் குனிந்து அவர் செருப்பை நேராக எடுத்து வைத்தேன்.

"இது என்ற எழுத்துங் கண்ணு. செத்துப்போனவரு என்ற கூட்டாளி. நான்தான் எழுதிப் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. அவர்கள் போன பிறகு அவன் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார். யாருக்கோ செய்ததைப் பரிமாறுகிற மாதிரி இல்லாமல் எப்போதும் போலப் பரிமாறினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அம்மா கையால் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான், இல்லாவிட்டால் ஸ்பூன். அன்றைக்கு ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கையாலேயே சந்தகையை எடுத்தான். இழை இழையாக இலைக்கும் மடிக்கும் நடுவில் விழுந்தது. தேங்காய்ப்பால் முழங்கை வரைக்கும் ஓடியது. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இவனும் அவர்கள் எதிரில் உட்கார்ந்து இப்படித்தான் சாப்பிட்டிருக்க வேண்டும். நாங்கள் சீட்டுக்குப் பழகினோம். சாப்பிடுவதற்குப் பழகவே இல்லை.

"அந்தச் சீட்டை ஏண்டா அவரு எடுத்துட்டுப் போனாரு?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

தை வந்தது, போனது. ஒரு சொல்லும் வரவில்லை. வரவும் வராது. இன்னொரு நாளைக்கு என்பதற்கும் எங்கள் பக்கத்தில் ஓர் அர்த்தம் உண்டு. மாசியில் அந்தப் பெண்ணுக்குப் பல்லடம் பக்கத்தில் கல்யாணம் ஆனதாகச் சொன்னார்கள். அவன் பட்டறை கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு மாறினான். கட்டை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. டீ குடிக்க வந்தால்கூட வலது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருக்கும். "கையி இப்படி இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்" என்று ஒருநாள் சொன்னான், ஒருநாள் மட்டுமல்ல, எந்தப் பேச்சு எடுத்தாலும் அங்கேயே கொண்டுவந்து முடித்தான். நான் எதிர்த்துப் பேசவில்லை. கைக்காக இல்லை, சாவு வீட்டுச் சீட்டைக் கொண்டுவந்து நான்தான் கெடுத்தேன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கேலி பேசுகிறவனுக்கு வாய் நீளம் என்பார்கள். வேண்டிய இடத்தில் அது எட்டுவதில்லை.

சிங்காநல்லூர் வீட்டில் வருஷத் திதிக்குக் கூப்பிட்டார்கள். பட்டறை ஆட்களோடு நானும் போனேன். தாய்மாமன் அங்கே வருவார் என்று தெரிந்துதான் போனேன். செத்தவர் அவருடைய கூட்டாளி ஆயிற்றே. பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து அவரே உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே, எல்லாம் என்னால் வந்ததுங்க, அந்தச் சீட்டை நான் எடுத்து வந்திருக்கக் கூடாதுங்க என்றேன். அவர் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சீட்டா? அதை நான் யாருகிட்டயும் சொல்லலியே. பஸ்சுல போகையிலயே ஜன்னல் வழியா வீசிப் போட்டேன்."

பிறகு எதற்காகக் கை நனைக்காமல் போனீர்கள் என்று கேட்டேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்தான் சொன்னார்.

"உள்ள வந்ததும் மாப்பிள்ளை சொம்பை எடக்கையில குடுத்தாரு. பாவம், அந்தக் கையில நெறஞ்ச சொம்பு நிக்காது. ஆனா சொம்பை வாங்குன பொண்ணோட அப்பன், எங்க மச்சான் மொகம் அப்பவே மாறிப்போச்சு. வயசான காலத்துல ஊத்தற கஞ்சியையும் இப்படி எடக்கையிலதான் வாங்கோணுமான்னு தெருமுக்குல கேட்டாரு. சீட்டு வித்தையை அவரு பாக்கவே இல்லைங் கண்ணு."

சொம்பு. பல நாள் பழகியதில் ஒருமுறைகூட நான் தண்ணீர் கேட்கவில்லை. மாமனாராக நடித்தேன், மாமியாராக நடித்தேன், வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவனாக மட்டும் நடிக்கவில்லை. தாய்மாமன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது பையனுக்கு நல்லதென்றுதான் நினைத்தாராம்.

பஸ்ஸில் கணபதி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். நேராகப் பட்டறை கேட்டுக்குப் போனேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், கை பாக்கெட்டில்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுருச்சுடா," என்றேன். "அந்த ஜோக்கர்ல எழுதுனது அந்த மாமனேதான். சாவூட்டுக் கட்டுன்னு கண்டுபுடிச்சுட்டாரு. வெளிய போய் எல்லாருத்துகிட்டயும் சொல்லிப் போட்டாரு. அபசகுனம்னு உட்டுட்டாங்க."

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"கையிக்காக இல்லியா?"

"கையில என்றா இருக்குது. கையி நல்லாத்தான் சொல்லுச்சு, ஆட்டின் ஒம்பதுன்னு."

என் தப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. என் தப்பு இல்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். அவன் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து என் பிடரியில் ஓங்கி ஓர் அடி வைத்தான். மூன்று விரலும் இரண்டு முனையும் தனித்தனியாகப் பதிந்தன. கெட்ட வார்த்தையாகத் திட்டினான். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துத் திட்டினான். திட்டி முடித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

இப்போதும் யாராவது அவனிடம் கல்யாணப் பேச்சு எடுத்தால் என்னைக் கைகாட்டுகிறான். சாவு வீட்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் கல்யாணத்தைக் கெடுத்த மகராசன் இவன்தான் என்கிறான். நான் பல்லைக் காட்டுகிறேன். அதற்கப்புறம் வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயின. அதற்கும் அந்தச் சீட்டின் தோஷம்தான் காரணம் என்று அவன் அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னைச் சாமி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் கேட்டுக்குப் போனால் எனக்கு டீ வாங்கி வைத்திருப்பான். இடது கையால் நீட்டுவான். பல நாள் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன், இன்னொரு இடம் வந்தால் சொம்பை உன் அம்மா கையிலேயே விட்டுவிடு என்று. சொன்னால் ஏன் என்று கேட்பான். டீயை வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று அவனை வைகிறேன்.